றைசன் 5 3600 புரொசெசரை 4.4 கிகாஹேர்ட்ஸுக்கு ஏத்தலாமோ? யாழ்ப்பாண வெக்கைக்குத் தாங்குமோ?

கொக்குவில்_பொடியன்
எல்லாருக்கும் வணக்கம். என்ர மெசின் இதுதான்: றைசன் 5 3600, பி450 போட், 16 ஜிபி றாம் (பெட்டியில 3200 எண்டு போட்டிருக்கு), ஆர்எக்ஸ் 580 8 ஜிபி கிறாஃபிக்ஸ் கார்ட், புரொசெசரோட வந்த சின்னக் கூலர். மொனிற்றர் 144 ஹேர்ட்ஸ், மாமா கனடாவில இருந்து வரேக்க கொண்டுவந்தது. கூடுதலா விளையாடுறது வலோறன்ற், சி.எஸ். 2. இடைக்கிடை ஜி.ரி.ஏ. 5.

வலோறன்றில செக்கனுக்குச் சராசரி 180, 190 ஃபிறேம் காட்டுது. ஆனா நாலைஞ்சு பேர் ஒரே இடத்தில புகையும் ஃபிளாஷும் எறியேக்க ஒரு இழுவை வருது. மௌஸை அசைச்சாலும் படம் ஒரு கணம் நிண்டு பிறகுதான் வருது. யூரியூப்பில 3600 ஐ 4.4 கிகாஹேர்ட்ஸுக்கு ஏத்திக் காட்டுறாங்கள். பயோஸுக்குள்ள (போட்டின்ர அடிப்படைச் செற்றிங்) போய் மல்ரிபிளையரை (வேகத்தைத் தீர்மானிக்கிற பெருக்கு எண்) 44 எண்டும் வோல்ற்றேஜை 1.4 எண்டும் குடுத்தாக் காணுமோ? கூட்டாளி ஒருத்தன் 1.45 போடு எண்டு நிக்கிறான். அறைக்கு மேல அஸ்பெஸ்ரஸ் சீற். பின்னேரம் மூண்டு மணிக்கு உள்ளுக்கு இருக்கேலாது.

தீவகத்தான்
நீயே இருக்கேலாத அறையில அந்தச் சிப் மட்டும் என்ன பாவம் செய்தது?

ரொறொன்ரோவான்
தம்பி, சும்மா பயப்பிடாதை. என்ர 3600 கன காலமா 4.3 இல 1.35 வோல்ற்றோட ஓடுது. 240 மில்லிமீற்றர் தண்ணிக் கூலர் போட்டிருக்கிறன், சினிபெஞ்ச் எண்ட பாரச் சோதனை ஓட்டினாலும் 68 பாகையைத் தாண்டாது. நல்ல கூலர் ஒண்டு வாங்கிப் பூட்டு, 4.4 உம் வரும்.

வெக்கைக்காரன்
@ரொறொன்ரோவான் உங்கட பேஸ்மென்ற் எத்தினை பாகையில இருக்கு அண்ணை? 20, 21? இஞ்ச சித்திரை, வைகாசியில சீற் போட்ட அறைக்குள்ள 34, 35 நிக்கும். எந்தக் கூலரும் அறைக் காத்தை விடக் குளிராக்கி வைக்காது, அறைக்கு மேல எத்தினை பாகை எண்டதைத்தான் அது கட்டுப்படுத்தும். நீங்கள் அறையை விட 48 பாகை மேல நிக்கிறியள். அதே கூலரை அப்பிடியே தூக்கிக்கொண்டு வந்து கொக்குவில்ல வைச்சால் 68 எண்டது 82, 83 ஆகும். தம்பியிட்டை இருக்கிறது அந்தக் கூலரும் இல்லை. சும்மா ஓடேக்கயே 85 தாண்டும் எண்டு நினைக்கிறன். 3600 க்கு ஏ.எம்.டி. சொல்லுற உச்சம் 95.

@கொக்குவில்_பொடியன் இப்ப ஒண்டையும் தொடாதை. முதல்ல சினிபெஞ்சைப் பத்து நிமிசம் ஓடவிட்டு எச்.டபிள்யூ.இன்ஃபோவில ரெம்பரேச்சரைப் பார். பிறகு ஆஃப்ரர்பேர்னர் எண்ட புறோகிறாமைப் போட்டு, விளையாடேக்க திரையில மூண்டு விசயம் தெரியிற மாதிரிப் போடு: கார்ட் எத்தினை வீதம் வேலை செய்யுது, ஒவ்வொரு கோரும் (புரொசெசருக்குள்ள இருக்கிற தனித்தனி மூளை) தனித்தனியா எத்தினை வீதம், கீழ் ஒரு சதவீத ஃபிறேம் (ஆக மெதுவா வாற நூறில ஒரு பங்கு) எவ்வளவு. சராசரி 190 எண்டதில ஒண்டுமில்லை. உன்ர இழுவை அந்தக் கீழ் ஒரு சதவீதத்துக்குள்ளதான் கிடக்கு.

கொக்குவில்_பொடியன்
சரி அண்ணை, இரவு பாத்துச் சொல்லுறன். ஒரு சந்தேகம். ராஸ்க் மனேஜரில புரொசெசர் 40 வீதம்தான் காட்டுது. அப்ப புரொசெசரில பிழை இல்லைத்தானே?

அறிவியல்நகர்_அக்கா
40 வீதம் எண்டதை நம்பாதை. உன்னட்டை ஆறு கோர், பன்ரெண்டு திறெட் (வேலை ஓடுற வரிசை). கேமின்ர முக்கியமான வேலை ஒண்டு ரெண்டு திறெட்டிலதான் ஏறும். அது ரெண்டும் நிரம்பி வழிஞ்சாலும் மற்றப் பத்தும் குறைவா வேலை செய்தால் மொத்தக் கணக்கு 40 ஐத் தாண்டாது. அதுக்குத்தான் அவர் கோர் கோராப் பாக்கச் சொல்லுறார்.

இன்னொண்டு, வோல்ற்றேஜைத் தொட முதல் ஒரு கணக்கு. சிப் தின்னுற மின்சாரம் வோல்ற்றேஜின்ர வர்க்கத்தையும் கிளொக்கையும் பெருக்கின அளவில ஏறும். 3600 எல்லாக் கோரும் ஓடேக்க 4.0 கிகாஹேர்ட்ஸ், 1.2 வோல்ற் எண்டு வை. அதை 4.2, 1.35 ஆக்கினால் வேகம் 5 வீதம் கூடும். மின்சாரம்? 1.35 ஐ 1.2 ஆல பிரிச்சு வர்க்கம் எடுத்தால் 1.27. அதை 1.05 ஆல பெருக்கினால் 1.33. அஞ்சு வீத வேகத்துக்கு மூண்டில ஒரு பங்கு கூடுதல் சூடு. 1.45 க்குப் போட்டுப் பார், நான் சொல்லத் தேவையில்லை.

பழைய_செலரோன்
இந்த இழை போற போக்கைப் பாத்து வாய் சும்மா இருக்கேல்லை. கொஞ்சம் நீட்டாத்தான் எழுதப்போறன், பொறுத்துக்கொள்ளுங்கோ.

நான் ஓவர்கிளொக் (சிப்பைக் கொம்பனி சொன்ன வேகத்துக்கு மேல ஓட்டுறது) பழகினது 1998 இல வந்த செலரோன் 300ஏ இல. அப்ப யாழ்ப்பாணத்தில கரண்டே இல்லை, நான் கொழும்பில வெள்ளவத்தையில அறை எடுத்துப் படிச்ச காலம். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில பொருள் வாங்கிப் பொருத்துவம். அந்தச் சிப்பின்ர மல்ரிபிளையர் 4.5, பூட்டியிருக்கும், மாத்தேலாது. பஸ் வேகம் (மல்ரிபிளையர் பெருக்கிற அடிப்படைத் துடிப்பு) 66. அதை போட்டில 100 ஆக்கினால் 300 மெகாஹேர்ட்ஸ் சிப் 450 இல நிக்கும். அரைவாசி வேகம் சும்மா கிடைச்சது. வோல்ற்றேஜில கை வைக்காமலே ஓடின சிப்புகளும் இருந்தது. காசு குடுத்து வாங்கின பென்ரியம் 2 காரன் எங்களைப் பாத்து வயிறெரிஞ்சான்.

அதுக்குப் பிறகு 2011 இல ஐ5 2500கே. 3.3 இல வித்த சிப்பைச் சாதாரணக் காத்துக் கூலரோட 4.5 க்குக் கொண்டுபோனம். அதுவும் வடிவான காலம்.

இப்ப என்ன நடந்தது எண்டால், அந்த மிச்சத்தைக் கொம்பனியே எடுத்துப்போட்டுது. முந்திச் சிப்பை ஒரு வேகத்தில பூட்டி வித்தான், மேல கொஞ்சம் இடம் விட்டான், அந்த இடத்தை நாங்கள் பிடிச்சம். இப்ப றைசன் தானே ஒவ்வொரு கணமும் ரெம்பரேச்சரையும் கரண்டையும் வோல்ற்றேஜையும் பாத்து 25 மெகாஹேர்ட்ஸ் படியா ஏறி இறங்குது. தம்பியின்ர 3600 பெட்டியில 3.6, உச்சம் 4.2 எண்டு போட்டிருக்கும். ஒரு கோர் வேலை செய்யேக்க அது தானா 4.2 க்குப் போகும். கையால எல்லாக் கோரையும் 4.2 இல பூட்டினால் கேமுக்கு என்ன லாபம்? பத்து ஃபிறேம் கூட வராது. சில சிப் 4.2 க்கே நிக்காது. 4.4 எண்டு காட்டுற வீடியோக்காரன் நூறில ஒரு நல்ல சிப் வைச்சிருப்பான், இல்லாட்டி ஒரு ஸ்கிறீன்சொட் எடுக்கிற அளவுக்குத்தான் அது நிண்டிருக்கும்.

2022 கடைசியில இன்ரெல் 13900கே ஐ 9 கிகாஹேர்ட்ஸுக்கு மேல கொண்டுபோய்க் காட்டினவை. திரவ ஹீலியம் ஊத்தி. கொக்குவில்ல அது கிடைக்காது.

தீவகத்தான்
ஐஸ்பழ வானை மறிச்சுக் கேட்டுப் பாக்கலாம்.

ரொறொன்ரோவான்
@பழைய_செலரோன் நீங்கள் சொல்லுறது சரி, ஆனா பூட்டி வைக்கிறதிலயும் ஒரு சுகம் இருக்கு. கிளொக் ஏறி இறங்காமல் ஒரே கோடா நிக்கும். எனக்கு ஃபிறேமும் சீரா வருது. எல்லாத்தையும் ஃபிறேம் கணக்கிலயே பாக்காதேங்கோ, ஒரு பொழுதுபோக்கும்தானே.

பழைய_செலரோன்
பொழுதுபோக்கு எண்டால் நான் குறுக்க நிக்கேல்லை. எனக்கும் அந்த விசர் இருக்கு. தம்பி கேட்டது இழுவைக்கு மருந்து.

கொக்குவில்_பொடியன்
பாத்திட்டன் அண்ணை.

சினிபெஞ்ச்: 88 இல போய் நிண்டுது, 89 ஒருக்கா எட்டிப் பாத்தது. எல்லாக் கோரும் 3.9 க்குக் கிட்ட. இரவு ஒன்பது மணிக்கு, ஃபான் போட்டுக்கொண்டு.

வலோறன்ற்: இழுவை வரேக்க கார்ட் 55, 60 வீதம்தான். ஒரு கோர் 95 க்கு மேல. சராசரி 186, கீழ் ஒரு சதவீதம் 71.

ஜி.ரி.ஏ. 5: கார்ட் நெடுக 98, 99.

இன்னொரு பயம். சும்மா டெஸ்க்ரொப்பில நிக்கேக்க எச்.டபிள்யூ.இன்ஃபோ கோர் வோல்ற்றேஜ் 1.46 எண்டு காட்டுது. நான் ஒண்டும் தொடேல்லை. சிப் எரியப்போகுதோ? மற்றது சி.பி.யூ.-இசட்டில மெமரி 1066 எண்டு கிடக்கு. 3200 எண்டெல்லோ வித்தவை? கடைக்காரன் ஏமாத்திப்போட்டானோ?

வெக்கைக்காரன்
ஆள் அகப்பட்டுப்போச்சு.

கடைக்காரன் ஏமாத்தேல்லை. டி.டி.ஆர். எண்டால் ஒரு துடிப்புக்கு ரெண்டு தரம் தரவு போகும், அதால 1066 எண்டது 2133. 3200 றாமை வாங்கிப் பூட்டினால் அது தானா 3200 இல ஓடாது. பயோஸில எக்ஸ்.எம்.பி. எண்டதை நீ போய் ஒன் பண்ணவேணும். சில போட்டில டி.ஓ.சி.பி. எண்டு இருக்கும், ரெண்டும் ஒண்டுதான். ஊரில பொருத்திக் குடுக்கிற கடையளில அரைவாசிப் பேர் அதைச் செய்யிறதேயில்லை. மெசின் ஓடுது, விண்டோஸ் வருது, காசைத் தா, போ.

இப்ப முக்கியமான கேள்வி. 16 ஜிபி ஒரு தனிக் குச்சியோ, எட்டு எட்டா ரெண்டோ?

கொக்குவில்_பொடியன்
ஒரே குச்சி. "பிறகு இன்னொண்டு போடலாம்" எண்டு சொல்லித்தான் தந்தவை.

வெக்கைக்காரன்
அப்ப கணக்கைப் பார். ஒரு குச்சி 2133 இல ஓடினால் ஒரு செக்கனுக்கு 17 ஜிகாபைற் போகும். ரெண்டு குச்சி 3200 இல ஓடினால் 51. உன்ர சிப்புக்குச் சாப்பாடு போற பாதை மூண்டில ஒண்டாக் கிடக்கு. அதுக்குள்ள நீ கிளொக்கை 4.4 க்கு ஏத்தினால் அது இன்னும் கெதியாய் பசிச்சுக்கொண்டு நிக்கும், அவ்வளவுதான். றைசனில கோர்களை இணைக்கிற ஃபப்றிக்கும் றாம் வேகத்தோடதான் சேர்ந்து ஓடுது, அதால இன்ரெல்லை விட இதில கூட உறைக்கும்.

நாலு பேர் புகை எறியேக்க கீழ் ஒரு சதவீதம் 71 க்கு விழுறதுக்கு இதுதான் முதல் சந்தேகம்.

1. இண்டைக்கே எக்ஸ்.எம்.பி. ஒன் பண்ணு. காசில்லை.
2. அதே றாமில இன்னொரு குச்சி தேடு. போட்டில நாலு சொக்கற் இருந்தால் புரொசெசரில இருந்து எண்ணி ரெண்டாவதும் நாலாவதும். முதலாவதிலும் ரெண்டாவதிலும் குத்தினால் பழையபடி ஒற்றைப் பாதைதான்.

ஜி.ரி.ஏ. 5 ஐ விடு. கார்ட் 99 இல நிக்கிற கேமுக்குப் புரொசெசரை என்ன செய்தாலும் ஒண்டும் வராது. அங்கை நிழலையும் புல்லையும் குறைக்கிறதுதான் வழி.

அறிவியல்நகர்_அக்கா
1.46 க்குப் பயப்பிடாதை. சும்மா நிக்கேக்க ஒரு கோர் கண் மூடித் திறக்கிற நேரத்துக்கு எழும்பி 4.2 க்குப் போய்ப் படுக்கும். அந்த நேரம் வோல்ற்றேஜ் கூட, ஆனா ஓடுற கரண்ட் மிகக் குறைவு, சிப்புக்குச் சேதமில்லை. எல்லாக் கோரும் பாரத்தோட ஓடேக்க அதே சிப் வோல்ற்றேஜைத் தானா 1.2, 1.3 க்கு இறக்கும். உன்ர கூட்டாளி உந்த 1.46 ஐப் பாத்துத்தான் "1.45 போடு, கொம்பனியே போடுது" எண்டு சொல்லியிருப்பான். கையால 1.45 இல பூட்டினால் பாரம் ஏறேக்கயும் அது இறங்காது. கூடின வோல்ற்றேஜ், கூடின கரண்ட், 95 பாகை மூண்டும் ஒண்டாச் சேர்ந்தால்தான் சிப் தேயும். முதல் மாதம் 4.2 இல நிண்டது பிறகு 4.1 க்கும் நிக்காமல் போகும்.

தேய்மானம் எண்டது கட்டுக்கதை எண்டு நினைக்கிற ஆக்களுக்கு: 2024 இல இன்ரெல் 13 ஆம், 14 ஆம் தலைமுறைச் சிப்புகளில வந்த பிரச்சினையும் தேவைக்கு மேல வோல்ற்றேஜ் போனதால வந்ததுதான். ஆவணியில 0x129 எண்ட மைக்றோகோட் திருத்தம் விட்டவை, வறண்டியை ரெண்டு வருசம் நீட்டினவை. அதை வாங்கின ஆக்கள் ஓவர்கிளொக் பண்ணாமலே அடிபட்டவை.

மின்கம்பி
நான் திருத்துற ஆள், விளையாடுற ஆளில்லை. என்ர பக்கத்தையும் கேளுங்கோ.

திருத்த வாற மெசினுகளில ஓவர்கிளொக்கால செத்தது குறைவு. கூடுதலா வாறது மூண்டு: பவர் சப்ளைக்குள்ள பல்லி, ஹீற்சிங் முழுக்கச் செம்மண், பயோஸ் அப்டேற் நடக்கேக்க கரண்ட் போய்ச் செத்த போட். வலிகாமப் பக்கம் சோளகம் அடிக்கத் தொடங்கினால் அந்தச் சிவத்தத் தூசு ஒரு மாதத்தில கூலரின்ர தகடுகளுக்கிடையில ஃபெல்ற் துணி மாதிரி படை கட்டிப்போடும். மேலால பாத்தால் தெரியாது, ஃபானைக் கழட்டினால்தான் தெரியும். 88 பாகை எண்டு சொல்லுற தம்பி ஒருக்கா அந்த ஃபானைக் கழட்டிப் பார்.

புளோவரால ஊதேக்க ஃபான் செட்டையை விரலால பிடிச்சுக்கொண்டு ஊதவேணும். சும்மா விட்டால் அது விசர் வேகத்தில சுத்தி பெயாறிங் போகும்.

சிப்புக்கும் கூலருக்கும் இடையில பூசியிருக்கிற பேஸ்ற் மாத்தக் கூலரைக் கழட்டிறதெண்டால் இன்னும் கவனம். ஏ.எம்.4 புரொசெசரில கால் எல்லாம் சிப்பிலதான் இருக்கு. பழைய பேஸ்ற் காஞ்சு பசையாப் பிடிச்சிருக்கும். குளிர்ந்து கிடக்கிற மெசினில ஸ்குறூவைக் கழட்டிப்போட்டு நேர மேல இழுத்தால், பூட்டுப் போட்டபடியே புரொசெசர் கூலரோட ஒட்டிக்கொண்டு கிளம்பி வரும். கால் வளைஞ்சால் ஊசியும் லென்சும் வைச்சு நிமித்தவேணும், ஒண்டு முறிஞ்சால் சிப்பை மறக்கவேண்டியதுதான். பத்து நிமிசம் ஏதாவது பாரமா ஓடவிட்டு, நிப்பாட்டி, வயரைப் பிடுங்கிப்போட்டு, சூடு ஆறமுதல் ஸ்குறூ நாலையும் குறுக்கு மறுக்காக் கழட்டு. பிறகு கூலரை இடமும் வலமும் மெதுவாத் திருகு. இளகினது கையில தெரியும். அதுக்குப் பிறகுதான் தூக்கவேணும்.

பயோஸ் அப்டேற் எண்டால் யூ.பி.எஸ். இல்லாமல் தொடாதேங்கோ. 2022 இல ஒரு நாளைக்குப் பதின்மூண்டு மணித்தியாலம் கரண்ட் நிண்ட ஊர் இது. சில போட்டில பின்பக்கம் ஃபிளாஷ் பட்டன் இருக்கும், அது இருந்தால் தப்பலாம். 650 வி.ஏ. யூ.பி.எஸ். எண்டு எழுதியிருந்தாலும் அது தாங்கிறது 360, 390 வாற்ஸ்தான். ஆர்எக்ஸ் 580 உம் ஏத்தின புரொசெசரும் ஒண்டாப் பாரம் இழுக்கேக்க கரண்ட் போனால் அது "பீப்" எண்டு கத்திப்போட்டு ஆளையும் சேர்த்து நிப்பாட்டும்.

தீவகத்தான்
பல்லியை விட எங்களுக்கு உப்பு. வேலணையில கேஸ் ஸ்குறூ வருசத்துக்கு வருசம் துருப்பிடிச்சுப்போகும். எண்டாலும் பல்லிக் கதை பொய்யில்லை.

சாவகச்சேரி_ஐ5
இழைக்குள்ள ஓடுறன், குறை நினைக்காதேங்கோ. ஐ5 10400எஃப், எச்410 போட். என்ர ஏன் மல்ரிபிளையரை ஏத்த விடுதில்லை? 3200 றாம் வாங்கிப் போட்டன், அதுவும் 2666 இலதான் நிக்குது.

வெக்கைக்காரன்
இன்ரெல்லில பேருக்குப் பின்னால "கே" இருந்தால்தான் மல்ரிபிளையர் திறந்திருக்கும், போட்டும் இசட் வரிசையா இருக்கவேணும். உங்கட சிப்பும் பூட்டு, போட்டும் பூட்டு. எச்410, பி460 ரெண்டிலயும் ஐ5 க்கு றாம் 2666 தான் எல்லை, போட்டை மாத்தாமல் அதைத் தாண்டாது. ஏ.எம்.டி. அப்பிடியில்லை, றைசன் அநேகமா எல்லாம் திறந்துதான் வரும். பி450, பி550 போட் காணும், ஏ320, ஏ520 இல ஏலாது. 5800எக்ஸ்3டி மாதிரி ஒண்டு ரெண்டு மட்டும் பூட்டு.

நீங்கள் ரெண்டு குச்சி போட்டிருக்கிறியள்தானே? அப்ப கேஸ் காத்தைப் பாருங்கோ, அதோட விடுங்கோ.

சாவகச்சேரி_ஐ5
ரெண்டு குச்சிதான். சரி, கையை எடுத்திட்டன்.

கொக்குவில்_பொடியன்
எக்ஸ்.எம்.பி. போட்டாச்சு. சி.பி.யூ.-இசட்டில 1600 காட்டுது. கீழ் ஒரு சதவீதம் 71 இல இருந்து 88 க்கு வந்திட்டுது!! ஒரு சதமும் செலவில்லை.

மின்கம்பி அண்ணை சொன்ன மாதிரி ஃபானைக் கழட்டினன். அம்மா வந்து பாத்திட்டு "உதுக்குள்ள தோட்டம் செய்யிறியோ" எண்டவ. பேஸ்றும் மாத்தினன், சூட்டோட திருகினதில சுகமாக் கழண்டது. இப்ப சினிபெஞ்ச் 79.

பி.பி.ஓ. எண்டு ஒண்டு பயோஸில கிடக்கு. அதை ஒன் பண்ணட்டோ? வோல்ற்றேஜை மைனஸில போட்டால் குளிரும் எண்டும் ஒரு வீடியோவில கண்டன்.

வெக்கைக்காரன்
பி.பி.ஓ. செய்யிறது கரண்ட், வாற்ஸ் எல்லையளை உயர்த்திறது. 3600 ஐ ஏ.எம்.டி. 88 வாற்ஸில கட்டி வைச்சிருக்கு. எல்லையை உயர்த்தினால் வீடியோ றெண்டர் பண்ணுறவனுக்குக் கொஞ்சம் கிடைக்கும். கேம் அந்த 88 ஐத் தொடுறதேயில்லை, அதால உனக்கு வாறது சூடு மட்டும்தான். பி.பி.ஓ. வையும் ஓவர்கிளொக் எண்டுதான் ஏ.எம்.டி. சொல்லுது, வறண்டி நிக்காது.

மைனஸ் வோல்ற்றேஜில ஒரு பொறி இருக்கு, வடிவாக் கேள். 3600 இல ஒஃப்செற்றை மைனஸ் 0.1 எண்டு போட்டால் சூடு குறையும், கிளொக்கும் 4.2 எண்டே காட்டும், "திறம்" எண்டு நினைப்பாய். சினிபெஞ்ச் ஓட்டினால் புள்ளி விழுந்திருக்கும். வோல்ற்றேஜ் காணாட்டி அந்தச் சிப் விழுந்துபோகாமல், துடிப்பை நீட்டி நீட்டி ஓடும். வெளியில 4.2, உண்மையில 3.9. எச்.டபிள்யூ.இன்ஃபோவில கீழ இறங்கிப் போனால் "எஃபெக்ரிவ் கிளொக்" எண்டு இன்னொரு வரி இருக்கு, பொய் சொல்லாத வரி அதுதான். மைனஸ் போடுறதெண்டால் சின்னச் சின்னதா இறக்கி, ஒவ்வொருக்காலும் புள்ளியைப் பார். புள்ளி விழத் தொடங்கின இடத்துக்கு ஒரு படி மேல நிப்பாட்டு.

என்ர 5600 இல இதை விட நல்ல வழி இருக்கு, கேர்வ் ஒப்ரிமைசர். 5000 வரிசையில இருந்துதான் அது வருது, உன்ர 3600 இல இல்லை. ஒவ்வொரு கோருக்கும் தனித்தனியா வோல்ற்றேஜை இறக்கலாம், மைனஸ் 30 வரைக்கும். வோல்ற்றேஜ் குறைய சூடு குறையும், சூடு குறைய சிப் தானா மேல ஏறும். நான் வோல்ற்றேஜைக் குறைச்சுத்தான் வேகம் எடுத்தனான். அதிலயும் எல்லாக் கோருக்கும் 30 எண்டு போட்டால் கேம் ஓடேக்க விழாது, நீ எழும்பித் தேத்தண்ணி குடிக்கப் போகேக்க சும்மா கிடக்கிற மெசின் றீஸ்ராட் ஆகும். பாரம் இல்லாமல் ஒரு கோர் உச்சத்துக்குத் துள்ளேக்கதான் வோல்ற்றேஜ் காணாமல் போறது. சினிபெஞ்ச் அதைக் காட்டாது. கோர்சைக்கிளர் எண்ட சோதனையை இரவிரவா ஓடவிடவேணும். நல்ல கோர் ரெண்டுக்கும் மைனஸ் 5, மற்றதுக்கு 20, அப்பிடித்தான் என்ரை நிக்குது.

ரொறொன்ரோவான்
எஃபெக்ரிவ் கிளொக் பாத்தன். 4.3 இல பூட்டினது 4.3 ஆவே இருக்கு. 😎

வெக்கைக்காரன்
பூட்டினால் நீளாது அண்ணை, காணாட்டி நேர விழுந்துபோகும். உங்கட குளிருக்கு நிக்குது, சந்தோசம்.

கோண்டாவில்_கேமர்
பிங் 90 காட்டுது. அதைக் குறைக்க எதை ஓவர்கிளொக் பண்ணவேணும்?

பழைய_செலரோன்
கடலை. வலோறன்ற் சேர்வர் மும்பையிலும் சிங்கப்பூரிலும் இருக்கு தம்பி. எந்தச் சேர்வர் குறையக் காட்டுதோ அதைத் தெரிஞ்செடு, வைபையை விட்டு வயரால குத்து. உனக்கு வேற இழை இருக்கு.

கொக்குவில்_பொடியன்
ரெண்டாவது குச்சியும் வந்திட்டுது! அதே கொம்பனி, அதே 3200, ஒருத்தர் பாவிச்சது. ரெண்டாவதும் நாலாவதும் சொக்கற். வலோறன்றில கீழ் ஒரு சதவீதம் இப்ப 124, சராசரி 231. அந்த இழுவையை இப்ப நான் தேடித்தான் பிடிக்கவேண்டிக் கிடக்கு. கேஸின்ர முன் கண்ணாடியைக் கழட்டிப்போட்டு வலை அடிச்சன், இன்னும் நாலு பாகை இறங்கிச்சு.

4.4 ஆசை போகேல்லை எண்டதையும் சொல்லவேணும்.

அறிவியல்நகர்_அக்கா
பாவிச்ச குச்சி எண்டபடியால் மெம்ரெஸ்ற்86 எண்ட றாம் சோதனையை ஒரு இரவு ஓடவிடு. றாம் பிழை உடன தெரியாது, ரெண்டு மாதத்தால விண்டோஸ் ஃபைல் பழுதாப்போன பிறகுதான் தெரியும். எக்ஸ்.எம்.பி. உம் ஓவர்கிளொக்தான், மறந்துபோகாதை.

வெக்கைக்காரன்
ஆசை இருந்தால் 4.4 ஐ விடு, 4.1 ஐ 1.25 இல போட்டுப் பார். ஓ.சி.சி.ரி. எண்ட பாரச் சோதனை ஒரு மணித்தியாலம், பிறகு ரெண்டு மூண்டு நாள் விளையாட்டு. எழும்பாட்டிப் பயப்பிடாதை. வயரைப் பிடுங்கிப்போட்டுப் போட்டில இருக்கிற வட்டப் பற்றரியை அஞ்சு நிமிசம் கழட்டி வைச்சால் பழைய செற்றிங்குக்கு வந்திடும்.

ஒரு விசயம் எல்லாருக்கும். மார்கழி மழைக்குள்ள, அறை 25 இல நிக்கேக்க "ஸ்ரேபிள்" எண்டு கண்டதைச் சித்திரையில நம்பாதேங்கோ. அறை பத்துப் பாகை ஏறினால் சிப்பும் பத்து ஏறும், சூட்டில அதே கிளொக்குக்கு இன்னும் கொஞ்சம் வோல்ற்றேஜ் கேக்கும். என்ரை தை மாதம் முழுக்க அசையாமல் நிண்டது பங்குனிக் கடைசியில விழத் தொடங்கினது. பின்னேரம் ரெண்டு மணிக்கு, ஃபானை நிப்பாட்டிப்போட்டு ரெஸ்ற் ஓட்டுங்கோ. அதில நிண்டால் எதிலயும் நிக்கும்.

காசு சேர்த்தால் புரொசெசரையே மாத்து. பயோஸைப் புதுசாக்கினால் உன்ர பி450 இலயே 5600 உம் 5700எக்ஸ்3டி உம் ஓடும். 3டி சிப்பில 96 மெகாபைற் கேஷ் (சிப்புக்குள்ளயே இருக்கிற வேகமான மெமரி) இருக்கு, உன்ரயில 32. வலோறன்ற், சி.எஸ். மாதிரி விளையாட்டுக்கு 3600 ஐ எவ்வளவு முறுக்கினாலும் அந்த இடத்துக்கு வராது. யூ.பி.எஸ். ஒண்டு ஆரிட்டையாவது கேட்டு எடுத்துவைச்சுக்கொண்டு அப்டேற் பண்ணு.

கொக்குவில்_பொடியன்
மின்கம்பி அண்ணை, உங்கட யூ.பி.எஸ். ஒரு நாளைக்குத் தருவியளோ?

மின்கம்பி
வந்து எடு. பல்லி இல்லை, பாத்துத்தான் வைச்சிருக்கிறன்.

பழைய_செலரோன்
இந்த இழையை வாசிச்சதில எனக்குப் பழைய விசர் கிளம்பிட்டுது. 2500கே சிப் ஒண்டு மேசை லாச்சிக்குள்ள கிடக்கு, போட் போச்சு. ஆரிட்டையாவது பி67 அல்லது இசட்68 போட் கிடந்தால் சொல்லுங்கோ, சொக்கற் கால் வளையாததா இருக்கவேணும். மார்கழிக்குள்ள கிடைச்சால் 4.8 பாக்கிற எண்ணம்.

மட்டுறுத்துநர்
வாங்கல் விற்றலுக்குத் தனிப் பகுதி இருக்கு அண்ணை, அங்கை போடுங்கோ. விலையையும் எழுதுங்கோ.